மாதக் கணக்கு முடிந்த பிறகு

மார்கழி மாதம் முழுவதும் ஒரு நாளும் விடாமல் விடியலுக்கு முன்பே எழுந்து, கோலமிட்டு, திருப்பாவை சேவித்து, திருக்கோயிலுக்குச் சென்று வரும் பேறு ஒரு பெண்மணிக்கு எந்த வயதில் வாய்க்கிறது? பெரும்பாலும் ஐம்பதை ஒட்டித்தான். அதுவரை மாதந்தோறும் நான்கைந்து நாள்கள் கைநழுவிப் போகும். நவராத்திரியா, கந்த சஷ்டியா, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகமா, எதுவாயினும் முதலில் நாட்காட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணியாக வேண்டும். கணக்கு ஒத்துவரவில்லையெனில் மருந்துக் கடையில் "தள்ளிப்போகும் மாத்திரை" வாங்கி விழுங்கிய தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்த எண்ணலும் விழுங்கலும் ஒரு நாள் முற்றுப்பெறுகின்றன. "விட்டது தொல்லை" என்ற சொல்தான் பலருடைய வாயில் முதலில் வருகிறது.

மாதவிடாய் நிற்பதை மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒரு குறைபாடாகவே எழுதிவந்தது. நம் வீட்டுப் பெண்கள் அவ்வாறு நினைப்பதில்லை. அவர்களுக்கு அது ஒரு விடுதலை. பூஜையறைக்குத் தடையில்லை, யாத்திரைக்குத் தேதி பார்க்க வேண்டியதில்லை. பத்து முதல் ஐம்பது வயது வரையிலான பெண்கள் செல்வதில்லை என்ற மரபுடைய சபரிமலைக்கு, அது குறித்த வழக்குகள் ஒருபுறம் இருக்க, ஐம்பதைக் கடந்தவர்கள் "மாளிகைப்புறம்" என்ற பெயருடன் இருமுடி சுமந்து ஏறுகிறார்கள். முதுமையைச் சாபமாகக் கருதாத மனப்பான்மை நம் மரபில் பழையது. இளமை நீங்கி மூதாட்டியாக வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டிப் பெற்றவர் ஔவையார் என்பது செவிவழி வரலாறு. இளமை வடிவம் இனி வேண்டா என்று உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். அவரைத்தான் இறைவன் தாயென்று அழைத்தான்.

அறுபதும் எழுபதும் கடந்த பெண்மணிகளிடம் உடல்நலத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "யாருக்கும் பாரமாக இல்லாமல், நடமாடும்போதே போய்ச் சேர வேண்டும்." நீண்ட ஆயுள் அவர்களுடைய வேண்டுதலில் இல்லை; கையும் காலும் ஓடுவதுதான் வேண்டுதல். உடல்நலம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை எந்த மருத்துவ நூலும் தந்துவிட முடியாது. ஆனால் இந்த எண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வருகிறது. பாரமாகிவிடக் கூடாது என்பவர், வலியையும் வெளியே சொல்லமாட்டார். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 அல்லது 47. மேலை நாடுகளில் அது 51 அளவில் உள்ளது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கொள்வது மருத்துவ வழக்கம். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அறுவை செய்து அகற்றிய பெண்களுக்கு இந்த மாற்றம் படிப்படியாக வராமல் ஒரே நாளில் வந்துவிடுகிறது. அத்தகையோர் மற்றவரினும் கூடுதலாகத் தம் உடலைக் கவனித்துக்கொள்ள வேண்டும். எப்படியாயினும், ஐம்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற ஒருவர் எண்பது வயது வரை வாழ்ந்தால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நிலையில்தான் வாழ்கிறார். பள்ளிப் பருவத்தையும் பிள்ளைப்பேற்றுக் காலத்தையும் கூட்டினாலும் அதைவிட நீளமான பகுதி இது.

1975-ஆம் ஆண்டில் மார்சா ஃபிளின்ட் என்ற மானிடவியல் ஆய்வாளர் இராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த 483 இராஜபுத்திரப் பெண்களிடம் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மாதவிடாய் நின்றபின் தங்களுக்குப் பெரிய உடல் தொல்லைகள் இல்லை என்றே அவர்களில் பெரும்பாலோர் கூறினர். அதற்கு அவர் கண்ட காரணம் சிந்திக்கத்தக்கது. அதுவரை முகத்திரைக்குள் ஒடுங்கியிருந்த அப்பெண்கள், அதன் பிறகு ஆடவர் இருக்கும் கூடத்திற்கு வந்து அமர்ந்து உரையாடலாம். மேலை நாட்டில் இழப்பாகத் தோன்றிய ஒன்று இவர்களுக்கு ஏற்றமாக அமைந்தது.

மனநிறைவு தரும் செய்திதான். எனினும் இதைக் கேட்டுவிட்டு, நம் பெண்களுக்கு ஒரு குறையுமில்லை என்று அமைதியடைவது பிழை. பின்னாளில் இந்தியாவின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளில் மூட்டு வலி, முதுகு வலி, அயர்வு, உறக்கமின்மை ஆகியவற்றைப் பெண்கள் மிகுதியாகக் குறிப்பிட்டுள்ளனர். தொல்லை இருக்கத்தான் செய்கிறது; அதை மாதவிடாய் நின்றதோடு அவர்கள் தொடர்புபடுத்துவதில்லை. நள்ளிரவில் திடீரென உடல் கொதித்து வியர்த்துக் கொட்டினால் "பித்தம்" என்கிறார்கள். உறக்கம் கலைந்தால் பிள்ளைகளைப் பற்றிய கவலை. எலும்பு வலித்தால் வயதாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னே ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைந்துபோனதற்கும் பங்குண்டு என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை.

அந்தச் சுரப்பின் பணிகளுள் தலையாயது எலும்பைக் காப்பது. எலும்பை ஒரு வைப்புக் கணக்காகக் கொள்ளலாம். ஏறத்தாழ முப்பது வயது வரை வரவு மிகுதி. பின்னர் வரவும் செலவும் ஓரளவு சமமாக ஓடும். செலவுக்கு வரம்பு கட்டிக் காவல் நின்றது ஈஸ்ட்ரோஜன். காவல் விலகியதும் முதல் சில ஆண்டுகளில் எடுப்பு மளமளவென்று நடக்கிறது. கணக்குப் புத்தகத்தில் பதிவாகாத எடுப்பு இது, வலிக்காது, வீங்காது. கொசுவம் தரையில் புரள்கிறது, வழக்கமான புடவையே நீளமாகிவிட்டது போலிருக்கிறது என்று சிலர் வியப்பார்கள். நீண்டது புடவையன்று, முதுகெலும்பின் கண்ணிகள் நசுங்கி உயரம் குறைந்திருக்கலாம். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. டெக்ஸா ஸ்கேன் எனப்படும் அப்பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்; ஊசியும் கிடையாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. மற்ற பெரியவர்களுக்கு 1,000 போதும். ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கிடைக்கும். நம் வீடுகளில் பால் எப்படிப் பங்காகிறது என்பது அனைவரும் அறிந்ததே. சுவாமி நிவேதனத்திற்கு, பேரப்பிள்ளைக்கு, வீட்டுக்காரருக்கு என்று போனபின், மிஞ்சியதில் டிகாக்ஷனைக் கலந்து குடிப்பவர் பாட்டியம்மாள். யாருக்கு 1,200 வேண்டுமோ அவருக்குத்தான் கடைசித் தம்ளர்.

பாலுக்கு அடுத்தபடி கைகொடுப்பது கேழ்வரகு. 100 கிராம் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முருங்கைக்கீரையும் அதற்குச் சளைத்ததன்று. எள்ளில் இன்னும் அதிகம், ஆயினும் அதிலுள்ள ஆக்சலேட் உடலில் சேர்வதைத் தடுப்பதால் எள்ளுருண்டையை மட்டும் நம்பியிருக்க இயலாது. ஏகாதசி விரதமிருந்து துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்க்கும் வழக்கத்தை இங்கே நினைவுகூரலாம். கால்சியம் மிகுந்த கீரைகளுள் அகத்தி ஒன்று. மாதம் இருமுறை உண்பதால் மட்டும் எலும்பு தேறிவிடாது என்பதும் உண்மை. அதற்காக நாள்தோறும் உண்ணவும் முடியாது. மருந்தை முறிக்கும் என்று சித்த மருத்துவர்கள் விலக்குவது வழக்கம்.

உண்ட கால்சியம் உடலில் ஏற வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். கோயில் பிராகாரத்தை விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் வலம் வருகிறவர்களுக்கு அது போதிய அளவு கிடைப்பதில்லை. வெயில் கொளுத்தும் நம் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து உட்கொள்ளலாம். தாமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது தீங்காகும்.

வலம் வருவது வீணன்று. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அறுபத்தைந்து வயதில் பௌர்ணமிதோறும் அதை நடந்து முடிக்கும் பெண்மணிகளின் தசையும் மூச்சும் எத்தகையன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1,305 படிகளையுடைய சோளிங்கர் பெரிய மலைக்கு இப்போது கம்பிவட ஊர்தி வந்துவிட்டது. இருந்தும் படியேறியே தரிசிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு நாள் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு மற்ற நாள்களில் நாற்காலியை விட்டு எழாதிருப்பதைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பது சிறப்பு என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம்.

அஞ்சத்தக்கது வீழ்ச்சி. அபிஷேகம் முடிந்து ஈரமும் எண்ணெயும் படிந்த கருங்கல் தளம், மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத நிலைப்படி, பின்னாலிருந்து நெரிக்கும் கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இளையவரே தடுமாறுவர். எலும்பு மெலிந்தவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. "நடமாடும்போதே" என்ற வேண்டுதல் அந்த ஒரு நொடியில் குலைந்துபோகிறது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நண்பகலில் காய்ந்த தளத்தில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைக் காண்பார்கள். தேங்காய் நார் விரிப்பு உள்ள வழியாகச் செல்வதும், பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொள்வதும் கௌரவக் குறைவல்ல.

விரதங்களைப் பற்றிப் பேசாமல் இவ்விதழின் வாசகர்களுக்கு உடல்நலம் பற்றி எழுதிவிட முடியாது. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் விரத விதிகளில் தளர்வு உண்டு. பாலும் பழமும் உண்பதால் விரதம் கெடாது என்று பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விதி தளர்ந்தாலும் பெண்கள் தளர்வதில்லை. சஷ்டியின் ஆறு நாளும் நீரன்றி வேறொன்றும் உட்கொள்ளாமல், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்பவர் உண்டு. "விரத நாளில் மருந்து எதற்கு" என்று இரத்த அழுத்த மாத்திரையை அடியோடு நிறுத்துபவரும் உண்டு. முதலாமவருக்குச் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரும். இரண்டாமவருக்கு அழுத்தம் ஏறும். விரதத்திற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டால் மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றித் தருவார்.

இதயத்தைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது: மாரடைப்பு ஆண்களின் நோய். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது மெய். நின்றபின் அது படிப்படியாக விலகுகிறது. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மூச்சுத் திணறல், தாடை வலி, மேல்முதுகு வலி, குமட்டல், காரணமற்ற பெருங்களைப்பு என்று வேடமிட்டு வரும். நம் வீடுகளில் இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே பெயர் "வாயு". ஓமக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுப்பதற்குள் பொன்னான நேரம் போய்விடும். பம்பையிலிருந்து சந்நிதானம் செல்லும் பாதையில் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்களை அமைத்திருப்பது காரணமின்றி அன்று. மாலையணிந்து 41 நாள் விரதம் தொடங்கும்போதே ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொண்டால் மலையேறும்போது மனம் சரணகோஷத்தில் மட்டும் நிற்கும்.

ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோ பெறும் பெண்மணிகள் ஆண்டுதோறும் நவம்பரில் ஆயுள் சான்றிதழ் அளிக்க ஒருநாளும் தவறுவதில்லை. மழையானாலும் ஆட்டோ பிடித்து வந்து, உயிரோடிருப்பதைக் கையொப்பமிட்டு உறுதிசெய்து செல்கிறார்கள். அதே வாரத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடலாமே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

குறைந்துபோன சுரப்பை மாத்திரையாகத் தரும் சிகிச்சையும் உண்டு. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பேராய்வு அதனால் மார்பகப் புற்றுநோய் முதலியன கூடலாம் என்று காட்டியதும் உலகெங்கும் அச்சம் பரவியது. பிறகு அதே தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்குவோர்க்கு நன்மை தீமைக் கணக்கு வேறாக இருப்பது தெரியவந்தது. எழுபதில் அதைப் புதிதாகத் தொடங்குவது பொதுவாக அறிவுறுத்தப்படுவதில்லை. நம் பெண்களில் மிகப் பலர் இயற்கையாக வந்ததற்கு மருந்து எதற்கு என்று விலகிவிடுகிறார்கள். தொல்லை தாங்கக்கூடியதாக இருப்பின் அதில் தவறில்லை.

கோயிலுக்கு வருவதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் முதிய பெண்மணிகள் சிலர் முழங்கால் வலியைக் காரணமாகச் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. வரிசையில் ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. தூய்மை கெட்டுவிட்டதே என்ற கூச்சத்தில் சந்நிதியையே தவிர்க்கிறார்கள். வருபவர்களும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வந்து கசிவை மேலும் கூட்டும். இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் எளிய பயிற்சியால் பலருக்கு இது குறைகிறது. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கேகல் 1948-இல் அறிமுகப்படுத்திய அப்பயிற்சி, நம் யோக நூல்கள் கூறும் மூலபந்தத்தை ஒத்தது. சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்த வேண்டும். அமர்ந்து நாமம் ஜபிக்கும்போதே செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்.

கூச்சம் உயிருக்கே உலை வைக்கும் இடம் இன்னொன்று இருக்கிறது.

மாதவிடாய் நின்று ஏழெட்டு ஆண்டுகள் கழிந்தபின் ஒரு நாள் உள்பாவாடையில் சிறு கறை. அதைக் கண்ட பெண்மணிக்கு அச்சத்தைவிட வெட்கமே முதலில் வருகிறது. "இந்த வயதில் மறுபடியுமா?" பூஜையறை விளக்கை ஏற்றுமாறு மருமகளிடம் சொல்லிவிட்டு, தலைவலி என்று படுத்துவிடுகிறார். மூன்று நாள் கோயில் பக்கம் போவதில்லை. நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வழக்கமான வாழ்வுக்குத் திரும்புகிறார். யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து மீண்டும் வருகிறது. மீண்டும் அதே மூன்று நாள். விடுதலை பெற்றதாக எண்ணியிருந்தவர் பழைய விதியைத் தமக்குத் தாமே மீண்டும் விதித்துக்கொள்கிறார். ஒரு நோயின் முதல் எச்சரிக்கை அந்த விலக்குக்குள் மறைந்துபோகிறது.

இது தீட்டு அன்று. சினைப்பை தன் பணியை நிறுத்தி ஆண்டுகள் ஆகிவிட்டன; மாதவிடாய் திரும்பி வர வழியில்லை. 12 மாத இடைவெளிக்குப் பின் ஒரு துளி வந்தாலும், இளஞ்சிவப்பு நிறக் கசிவாயினும், அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அக்காரணம் அச்சுறுத்துவதன்று. உள்தோல் மெலிந்து வறண்டிருக்கலாம். சிறு சதை வளர்ச்சி இருக்கலாம். ஆயினும் இவ்வாறு வருபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருப்பது கண்டறியப்படுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இவ்வாறே தலைகாட்டக்கூடும். உட்சுவர்ப் புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு முதல் அறிகுறி இந்தக் கசிவுதான். நோய் கர்ப்பப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே வந்துவிட்டால் பெரும்பாலும் ஓர் அறுவை சிகிச்சையோடு குணப்படுத்திவிடலாம். மூன்று நாள், மூன்று நாளாகத் தள்ளிப்போட்ட ஓர் ஆண்டு அந்த வாய்ப்பைப் பறித்துவிடும்.

சென்னை அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமாயிருந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அவரை அந்தப் பணியில் செலுத்தியது. அவர் காலத்தில் வந்த நோயாளிகளில் பலர் முற்றிய நிலையில் வந்தார்கள் என்றால் அன்று வேறு வழியில்லை. இன்று வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயையும் மார்பகத்தையும் பரிசோதிக்கிறார்கள்.

கசிந்த நாள்களில் பூஜை செய்யலாமா, கூடாதா என்பதை அவரவர் குடும்பப் பெரியோரிடமும் ஆசாரியரிடமும் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் மருத்துவரிடம் போவதற்கு அந்த விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கசிவு நிற்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மெல்லிய குழாயால் சிறிதளவு திசுவை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்; பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

பலரைத் தயங்க வைப்பது சோதனையன்று, இடம். மகளிர் நோய்ப் பிரிவு பெரும்பாலும் பிரசவ ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் பெஞ்சில், எழுபது வயதில், ஓலை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது என்ற நாணம் பல பாட்டிமார்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறது. மகனிடம் இதைச் சொல்ல நா எழாது. கணவரிடம் சொன்னால் அவர் பதறுவார். மகளோ மருமகளோ உடன்பிறந்த தங்கையோ, தினமும் கோயிலுக்குத் துணையாக வரும் எதிர்வீட்டு மாமியோ, யாரேனும் ஒரு பெண்மணியிடம் சொல்லிவிட்டால் போதும். அவர் மறுநாள் காலையிலேயே சீட்டுப் போட்டு, அந்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.